வயிற்றுக்குத்தும் வயிற்றோட்டமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மாரி முடிந்து வெள்ளம் வடிகிற கிழமைகளில் எங்களுக்கு வரும் கடிதங்களில் வயிற்றைப் பற்றியவைதான் கூட. எல்லாக் கடிதத்திலும் ‘எத்தனை தரம் போனது’ என்ற கணக்கு இருக்கிறது. எத்தனை மணிக்குத் தொடங்கியது, குத்து முதலில் வந்ததா சத்தி முதலில் வந்ததா, காய்ச்சல் எத்தனையாம் நாள், அதே சாப்பாட்டைச் சாப்பிட்ட மற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பவை அநேகமாக இல்லை. காரணத்தைக் காட்டிக்கொடுப்பவை இவைதான். வைத்தியசாலைக்குப் போகும்போது இவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

ஒன்றரை வயது மகனுக்கு நேற்றிலிருந்து ஏழெட்டுத் தரம் தண்ணியாகப் போகிறது. இரண்டு தரம் சத்தியும் எடுத்தான். ஜீவனி கொடுத்தால் குடித்த கையோடு கக்கிவிடுகிறான். பாலை நிற்பாட்டச் சொல்கிறா மாமி. மருந்துக் கடையில் வயிற்றோட்டத்தை நிற்பாட்டும் குளிசை தந்தார்கள். கொடுக்கலாமா?
– ஒரு தாய், கண்டாவளை

குளிசை வேண்டாம். தாய்ப்பாலை நிற்பாட்டவும் வேண்டாம்.

இந்த வயதில் சத்தியோடு தொடங்கித் தண்ணியாகப் போவதற்குப் பெரும்பாலும் வைரஸ்தான் காரணம். ரோட்டா வைரஸ் அதில் முக்கியமானது. மூன்று முதல் ஏழு நாளில் அது தானாகவே அடங்கும். அதுவரை உடம்பிலிருந்து போகும் தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டுவதே வைத்தியம். நிற்பாட்டும் குளிசை குடலின் அசைவைத்தான் கட்டிவைக்கிறது, நீர் சுரப்பதை அல்ல. வெளியே போக வேண்டியது உள்ளே தேங்கும், வயிறு ஊதும். சின்னப் பிள்ளைகளுக்கு இது ஆபத்து.

ஜீவனி, அதாவது வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் உப்புச்சீனிப் பவுடர், கரைப்பதில்தான் பிழை அதிகம் நடக்கிறது. ஒரு தம்ளர் தண்ணீரில் கொஞ்சம் பவுடரைக் கொட்டி, மிச்சத்தை மடித்து வைத்துவிடுகிறார்கள். ஒரு பைக்கற் முழுவதையும் ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். கடைத் தண்ணீர்ப் போத்தலில் 500 மில்லிலீற்றர் என்று போட்டிருந்தால் அதனால் இரண்டு போத்தல். தண்ணீர் குறைந்தால் கரைசல் தடித்துவிடும். தடித்த கரைசல் குடலுக்குள் இன்னும் நீரை இழுத்து வயிற்றோட்டத்தைக் கூட்டும், இரத்தத்தில் உப்பு ஏறி வலிப்பும் வரலாம். மேலதிகமாகச் சீனி போடுவதாலும் அதே கெடுதல்தான். கரைத்தது 24 மணித்தியாலத்துக்கு மேல் ஆகாது.

பைக்கற் இல்லாத இரவில், ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரை மட்டத் தேக்கரண்டி உப்பு. கரண்டியைக் குவித்து அள்ளாமல் கத்தி முதுகால் வழித்துவிடுங்கள். பிள்ளைக்குக் கொடுக்க முதல் நீங்கள் ருசி பாருங்கள். கண்ணீரைவிட உப்பாக இருந்தால் அதை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.

கக்குகிற பிள்ளைக்குப் போத்தலால் பருக்கக் கூடாது. கக்கினால் பத்து நிமிடம் பொறுத்து, பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி. அது கொஞ்சமாகத் தெரியும். ஆனால் ஒரு கரண்டி 5 மில்லிலீற்றர். இரண்டு நிமிடத்துக்கு ஒன்றாக ஒரு மணித்தியாலத்தில் 150 மில்லிலீற்றர் உள்ளே போய்விடும், சத்தியும் குறைந்துவிடும். ஒவ்வொரு தரம் வெளியே போன பிறகும் 50 முதல் 100 மில்லிலீற்றர் கொடுங்கள். பிள்ளை கேட்கிற நேரமெல்லாம் பால் கொடுங்கள். பசிக்கத் தொடங்கியதும் ஒரு கரண்டி எண்ணெய் விட்ட அரிசிக் கஞ்சி, மசித்த பருப்பு, வாழைப்பழம் கொடுக்கலாம். பட்டினி போட்டால் குடலின் உட்தோல் ஆற நாளாகும். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு நாளுக்கு 20 மில்லிகிராம் சிங்க் 10 முதல் 14 நாள் கொடுத்தால் வயிற்றோட்டம் சீக்கிரம் நிற்கும், அடுத்த சில மாதங்களுக்குத் திரும்ப வருவதும் குறையும். இதை வைத்தியசாலையில் கேளுங்கள்.

கண் உள்ளே போயிருந்தால், அழுதும் கண்ணீர் வராவிட்டால், ஆறு மணித்தியாலமாகச் சிறுநீர் போகாவிட்டால், வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டதும் அது மெதுவாகத் திரும்பினால், பிள்ளை துவண்டு குடிக்க மறுத்தால் உடனே வைத்தியசாலை. இன்னொன்றையும் மனதில் வையுங்கள்: பிள்ளை கால்களை மடக்கி வீரிட்டு அழுது, கொஞ்ச நேரம் ஓய்ந்து, திரும்ப அழுது, செந்நிற ஜெலி போல மலம் போனால் அது வயிற்றோட்டம் அல்ல. குடல் குடலுக்குள் செருகியிருக்கலாம். அன்றைக்கே பார்க்க வேண்டும்.

சோடா, இளநீர், பிளேன்ரீ: எது நல்லது?
– பரந்தன்

சோடாவிலும் பெட்டி ஜூஸிலும் சீனி மிதமிஞ்சி இருப்பதால் வயிற்றோட்டம் கூடும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. இடையில் குடிக்கலாம், ஜீவனிக்குப் பதிலாகாது. உப்புப் போட்ட கஞ்சித் தண்ணி இளநீரை விட நல்லது. பிளேன்ரீ வளர்ந்தவர்கள் குடிக்கலாம், சீனியைக் குறைத்து.

வெள்ளம் எங்கள் கிணற்றுக் கட்டுக்கு மேலால் போனது. தண்ணீர் இப்போது தெளிந்துவிட்டது. சுண்ணாம்பு போட்டால் போதும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வீட்டில் நாலு பேருக்கும் மாறி மாறி வயிற்றுக்குத்து.
– ஒரு வாசகர், தருமபுரம்

தண்ணீர் தெளிந்தது மண் கீழே இறங்கியதால். கிருமி இறங்கவில்லை. 2018 மார்கழியில் இரணைமடு நிரம்பி வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தத் தண்ணீர் வயலை மட்டும் தொட்டுவிட்டு வருவதில்லை. மலசலகூடக் குழி, மாட்டுப்பட்டி எல்லாவற்றையும் கழுவிக்கொண்டுதான் கிணற்றுக்குள் இறங்குகிறது. வீட்டுச் சுண்ணாம்பால் கிருமி சாகாது. தேவைப்படுவது குளோரின் பவுடர், அதாவது ரீ.சி.எல்.

முதலில் கிணற்றை இறைத்துச் சேற்றை அள்ள வேண்டும். வெள்ளம் வடிந்த மறுநாளே இறங்காதீர்கள். சுற்றியுள்ள மண் ஊறிக் கிடக்கும்போது கிணற்றை ஒரே மூச்சில் இறைத்தால் வெளித் தண்ணீரின் அழுத்தத்தில் கட்டு உள்ளே சரியும். இரண்டு மூன்று நாளாகப் பிரித்து இறையுங்கள். மண்ணெண்ணெய், பெற்றோல் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி வைத்து ஒருபோதும் ஓட்டக் கூடாது. அதன் புகையிலுள்ள காபன்மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது. உள்ளே நிற்பவர் மயங்கி விழுவார், தூக்க இறங்குபவரும் விழுவார். இயந்திரம் மேலே, குழாய் மட்டும் கீழே.

வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு முதல் தடவை போடும் அளவு வழமையைவிடப் பல மடங்கு. அதைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் பார்த்துச் சொல்லட்டும். மணம் போகும்வரை இறைத்து ஊற்றிய பிறகே அந்தத் தண்ணீரைப் பாவிக்கலாம். அதற்குப் பிறகு போடும் வழமையான அளவை நீங்களே கணக்குப் பார்க்கலாம். கிணற்றின் விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் அடிக்கணக்கில் அளந்து, விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தாலும் பெருக்கி, கடைசியில் 22 ஆல் பெருக்குங்கள். வருவது லீற்றர். 12 அடி விட்டம், 10 அடி தண்ணீர் என்றால் 12 × 12 × 10 × 22, கிட்டத்தட்ட 32,000 லீற்றர். நல்ல பவுடராக இருந்தால் 1,000 லீற்றருக்கு 2.5 கிராம், ஆக 80 கிராம். கைக்கணக்கு வேண்டாம், கடைத் தராசில் நிறுத்துக்கொள்ளுங்கள்.

பவுடரை அப்படியே கிணற்றில் தூவுவதுதான் நாங்கள் அடிக்கடி காண்கிற பிழை. பிளாஸ்ரிக் வாளியில் கொஞ்சத் தண்ணீர் விட்டு முதலில் களி போலக் குழையுங்கள். பிறகு முக்கால் வாளிக்குத் தண்ணீர் விட்டுக் கலக்கிப் பத்து நிமிடம் அடைய விடுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவது சுண்ணம். மேலே தெளிந்த தண்ணீரில்தான் குளோரின் இருக்கிறது. தெளிவை இன்னொரு வாளிக்கு ஊற்றி, அடியில் நிற்பதைக் கிணற்றுக்குத் தூரமாகக் குழி தோண்டிப் புதையுங்கள். வன்னித் தண்ணீர் ஏற்கனவே கல்லுத்தண்ணி. சுண்ணத்தையும் உள்ளே விட்டால் கேத்திலில் இன்னும் படியும். தெளிவு நிற்கும் வாளியைக் கயிற்றில் கட்டித் தண்ணீருக்குள் ஆழமாக இறக்கி, மேலும் கீழுமாக நன்றாக உலுக்கிக் கலக்குங்கள். பின்னேரம் போட்டு இரவு முழுக்க விட்டால் நல்லது. அவசரமென்றாலும் ஒரு மணித்தியாலம் கட்டாயம் விட வேண்டும். ஒரு மணித்தியாலம் கழித்து லீற்றருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும். பரிசோதகரிடம் இதற்கான சோதனைக் குப்பி இருக்கிறது. எதுவும் மிஞ்சவில்லை என்றால் தண்ணீரில் இன்னும் அழுக்கு இருக்கிறது, அல்லது பவுடர் மூடி திறந்து கிடந்து வீரியம் போய்விட்டது.

குளோரின் போட்டாலும் குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். ஆவி வந்தால் போதாது, பெரிய குமிழிகள் விடாமல் எழும்பி ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். அமீபாவின் உறைக் கூட்டையும் ஜியார்டியாவையும் இந்த அளவு குளோரின் எளிதில் கொல்லாது, கொதி கொல்லும். மலசலகூடக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் குறைந்தது 50 அடி, மணல் தரையென்றால் 100 அடி இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் எத்தனை தரம் குளோரின் போட்டாலும் அடுத்த மாரிக்கு இதே கடிதத்தைத் திரும்ப எழுத வேண்டி வரும்.

கோயில் அன்னதானத்தில் மத்தியானம் சாப்பிட்டோம். சிலர் பின்னேரம் மூன்று மணிக்கே சத்தி எடுத்தார்கள். சிலருக்கு விடியப்புறம்தான் வயிற்றுக்குத்தும் வயிற்றோட்டமும். ஒரே சாப்பாட்டில் எப்படி இரண்டு விதம்?
– ஒட்டுசுட்டான்

ஒரே சமையலில் இரண்டு கிருமிகள் வேலை செய்திருக்கலாம். சாப்பிட்டு ஒன்று முதல் ஆறு மணித்தியாலத்துக்குள் சத்தி என்றால் கிருமி ஏற்கனவே சாப்பாட்டில் விட்டு வைத்த நஞ்சுதான் காரணம். விரலில் வெட்டுக்காயம், சீழ்க்கட்டு உள்ளவர் தேங்காய் துருவிச் சம்பல் குழைத்தால் ஸ்ரபிலோகொக்கஸ் அதில் இறங்கும். விடியப்புறம் நாலு மணிக்கு வடித்த சோற்றைக் குவித்து மூடி வைத்து மத்தியானம் பரிமாறினால் பசிலஸ் சீரியஸ் பெருகும். அதன் வித்துகள் அரிசியிலேயே இருக்கின்றன, சோறு வேகும்போது சாவதில்லை. இந்த இரண்டின் சத்தி நஞ்சையும் திரும்பச் சூடாக்கி அழிக்க முடியாது.

எட்டு முதல் பதினாறு மணித்தியாலம் கழித்துக் குத்தும் தண்ணீர்ப்போக்கும் வந்து, சத்தி குறைவாக இருந்தால் பெரிய அண்டாவைச் சந்தேகிக்க வேண்டும். பருப்பும் சாம்பாரும் அடுப்பிலிருந்து இறக்கிய பின் அண்டாவின் நடுவில் மணிக்கணக்காக இளஞ்சூடாகவே நிற்கும். குளோஸ்ரிடியம் பெருகுவதற்கு வாய்ப்பான சூடு அதுதான். காய்ச்சலோடு அடுத்த நாளோ மூன்றாம் நாளோ வந்தால் சல்மொனெல்லா, ஷிகெல்லா. மஞ்சட்கண்ணோடு ஒரு மாதம் கழித்து வந்தால் அது செங்கமாரி, காரணம் பெரும்பாலும் அன்றைய தண்ணீர்.

வற்றாப்பளைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் ஆயிரக்கணக்கில் சனம் கூடுகிற எங்கள் பகுதியில் இது சமையல் பகுதிக்குப் பொறுப்பானவர்களின் கையில் இருக்கிறது. பரிமாறும் நேரத்துக்கு நெருக்கமாகச் சமையுங்கள். 60 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்க விடாமல், ஆவி பறக்கிற சூட்டில் வைத்திருங்கள். மிஞ்சியதை அண்டாவோடு மூடி வைக்காமல் அகன்ற தட்டங்களில் மெல்லிசாகப் பரப்பி இரண்டு மணித்தியாலத்துக்குள் ஆற்றுங்கள். கையில் காயம் உள்ளவரும் வயிற்றோட்டம் உள்ளவரும் அன்றைக்குச் சமையலில் நிற்கக் கூடாது. இதைச் சொல்லக் கூச்சப்படுவதால்தான் ஊரே படுக்கிறது. ஒரே சாப்பாட்டில் இரண்டு பேர் வருத்தப்பட்டாலே பரிசோதகருக்கு அறிவியுங்கள். உணவு நஞ்சாதல் சட்டப்படி அறிவிக்க வேண்டிய நோய். மிச்சச் சாப்பாட்டைக் கொட்டிவிடாமல் மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் பரிசோதனைக்கு உதவும்.

நாலு நாளாகக் காய்ச்சல், உடம்பு உளைவு. இன்று வயிற்றுக்குத்தும் மூன்று தரம் இளக்கமாகவும் போனது. பிளெஜில் மூன்று குளிசை போட்டேன். வயல் வேலை நிற்கிறது. இன்னும் என்ன குளிசை போடலாம்?
– மல்லாவி

ஐயா, குளிசையை நிற்பாட்டிவிட்டு இன்றைக்கே மல்லாவி ஆதார வைத்தியசாலைக்குப் போங்கள். உங்களுக்குக் காய்ச்சல்தான் முதலில் வந்திருக்கிறது, வயிறு பிறகு. இந்த ஒழுங்கில் வந்தால் நோய் குடலில் மட்டும் இல்லை.

டெங்குவில் காய்ச்சல் இறங்குகிற மூன்றாம் நாள் முதல் ஆறாம் நாள் வரைதான் கண்டம். அந்த நேரத்தில் கடும் வயிற்றுக்குத்து, ஓயாத சத்தி, கை கால் குளிர்தல் என்பவை இரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவதன் அடையாளம். காய்ச்சல் விட்டுவிட்டது என்று ஆறுதல்படுகிற நாளில்தான் ஆள் சரிகிறார். வயலில் கால் வைத்தவருக்கு எலிக்காய்ச்சலும் வரும். கெண்டைக்கால் தொட்டால் நோகும், கண் சிவக்கும், சிறுநீர் குறையும். கிழமைக்கணக்கில் படிப்படியாக ஏறும் காய்ச்சலோடு வயிறு ஊதி, சிலருக்கு மலச்சிக்கலாகவும் சிலருக்கு வயிற்றோட்டமாகவும் இருப்பது நெருப்புக்காய்ச்சல். மூன்றையும் பிரித்தறிய இரத்தப் பரிசோதனை வேண்டும். அதுவரை பரசிற்றமோல் மட்டும். டைக்குளோபினாக், புரூபன் போன்ற நோவுக் குளிசைகள் டெங்குவில் இரத்தப்போக்கையும் எலிக்காய்ச்சலில் சிறுநீரகப் பாதிப்பையும் கூட்டும்.

பிளெஜில் பற்றிப் பலரும் கேட்பதால் ஒரு வார்த்தை. அது அமீபாவுக்கும் ஜியார்டியாவுக்கும்தான் கேட்கும். வைரசுக்கும் ஷிகெல்லாவுக்கும் கேட்காது. சளியும் இரத்தமும் கொஞ்சம் கொஞ்சமாகப் பல நாளாக, காய்ச்சல் இல்லாமல் போவது அமீபா. திடீரென்று கடும் காய்ச்சலோடு, முக்கி முக்கி ஒரு கரண்டியளவு இரத்தச்சளி நாளுக்குப் பத்து இருபது தரம் போவது ஷிகெல்லா வயிற்றுளைவு. அதற்கு வேறு மருந்து. மலத்தில் இரத்தம் கண்டால் எதையும் விழுங்க முதல் மலப் பரிசோதனைக்குக் கொடுங்கள். விதைப்புக்கு முதல் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் எலிக்காய்ச்சல் தடுப்புக்கான டொக்சிசைக்ளினையும் கேளுங்கள். கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு.

தரையில் படுத்தவருக்கு விடியப்புறம் வயிற்றுக்குத்து வந்தால் பாம்பு கடித்திருக்கும் என்கிறார்களே, உண்மையா?
– நெடுங்கேணி

எல்லா நேரமும் அல்ல. ஆனால் நம்ப வேண்டிய பேச்சு. எட்டடி விரியன் இரவில் வீட்டுக்குள்ளும் காவல் கொட்டிலுக்குள்ளும் வந்து பாயில் படுத்தவரைக் கடிக்கும். கடித்த இடம் வீங்காது, நோகாது, பல்லடையாளம் அநேகமாகத் தெரியாது. பலருக்கு முதல் அடையாளமே கடும் வயிற்றுக்குத்தும் சத்தியும்தான். ‘இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று ஓமத்தண்ணி கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கண்மடல் தொங்கும், விழுங்க முடியாமல் போகும், பிறகு மூச்சுத் தசைகள் சோரும்.

தரையில் படுத்து நல்ல சுகத்தோடு உறங்கியவர் குத்தோடு எழும்பினால் கண்ணை மேலே உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். மடல் தூக்க முடியாவிட்டாலோ, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ பாம்பைத் தேடி நேரம் போக்காமல் உடனே வைத்தியசாலைக்குப் போங்கள். அடையாளம் இல்லாவிட்டாலும் சந்தேகத்தோடு போய்ச் சொல்லுங்கள், வைத்தியசாலையில் வைத்துக் கவனிப்பார்கள். கீறவும் இறுக்கிக் கட்டவும் வேண்டாம். 1990 அம்புலன்ஸ் இலவசம். நுளம்பு வலையைப் பாய்க்கு அடியில் சுற்றிவரச் செருகிப் படுத்தால் பாம்பும் உள்ளே வராது.

பிள்ளைகள் வேலிக்கரையில் கிழங்கு கிண்டிச் சுட்டுச் சாப்பிட்டுவிட்டு ஓயாமல் சத்தி எடுத்தார்கள். எது என்று தெரியவில்லை.
– விசுவமடு

வற்றாளைக் கிழங்கு என்று நினைத்துக் கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கை, அதாவது நியங்களாவைக் கிண்டுவது உண்டு. மாரியில் இரண்டும் பற்றைக்குள் பக்கத்தில் பக்கத்தில் படரும். நியங்களா இலையின் நுனி சுருண்டு நூல் போல நீண்டிருக்கும், வற்றாளைக்கு அது கிடையாது. கிழங்கு இரண்டு விரல் கொளுவியது போலக் கவராக இருக்கும். அதிலுள்ள கொல்சிசின் சுட்டாலும் அவித்தாலும் அழியாது. இரண்டு முதல் ஆறு மணித்தியாலத்தில், சிலவேளை பன்னிரண்டில், தொண்டை எரிவு, சத்தி, தண்ணீர் தண்ணீராக வயிற்றோட்டம் தொடங்கும். அடுத்த நாள் வயிறு கொஞ்சம் அடங்கினாலும் வீட்டுக்குக் கூட்டிப்போகக் கூடாது. அதற்குப் பிறகுதான் இரத்த அணுக்கள் குறையும், சிறுநீரகமும் இதயமும் பாதிக்கப்படும். தப்பியவர்களுக்கு இரண்டாவது கிழமையளவில் தலைமயிர் கொட்டும், அது திரும்ப வளரும்.

வேலிக் காட்டாமணக்கு விதையும் பிள்ளைகளை இப்படிப் படுத்தும். கச்சான் போல ருசிப்பதால் ஒன்றோடு நிற்பாட்ட மாட்டார்கள். இரண்டிலும் வீட்டில் சத்தி எடுக்க வைக்காதீர்கள். மிச்சக் கிழங்கையோ விதையையோ இலையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், வைத்தியருக்கு அதுதான் பெரிய உதவி.

சீனி வருத்தத்துக்கு மெற்போமின் தொடங்கி மூன்று கிழமை. சாப்பிட்டு எழும்பினால் வயிறு இரைந்து ஓட வேண்டியிருக்கிறது. குளிசையை விட்டுவிடலாமா?
– ஓர் ஆசிரியை, வவுனியா

விடாதீர்கள், மாற்றிப் பாவியுங்கள். மெற்போமின் தொடங்கியவர்களில் பலருக்கு இது வரும். வெறும் வயிற்றில் போட்டால் கூடுதலாக வரும். சாப்பாட்டின் நடுவிலோ முடிந்த கையோடோ போடுங்கள். 500 மில்லிகிராம் ஒன்றிலிருந்து கிழமைக்குக் கிழமை மெதுவாக ஏற்றவும், பொறுக்காவிட்டால் மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றவும் கிளினிக்கில் கேளுங்கள். ஆனால் கிருமியால் கடும் வயிற்றோட்டமும் சத்தியும் வந்து உடம்பு வறண்ட நாள்களில் மெற்போமினையும், சிறுநீர் போக்கும் பிரஷர்க் குளிசையையும் தொடர்வதா என்று அன்றைக்கே வைத்தியரைக் கேட்க வேண்டும். வறட்சியில் சிறுநீரகம் அடிபடும். சிறுநீரக வருத்தம் பரவலாக உள்ள எங்கள் பகுதியில் இதில் அலட்சியம் கூடாது. இன்சுலின் போடுபவர் தானாக அதை நிற்பாட்டவே கூடாது.

சூரை மீன் குழம்பு சாப்பிட்டு அரை மணித்தியாலத்தில் முகம் சிவந்து, கடித்து, வயிற்றோட்டமும் போனது. முன்பு ஒருநாளும் மீன் ஒவ்வாமை இல்லை.
– துணுக்காய்

ஒவ்வாமை இல்லை, மீன் பழுது. முல்லைத்தீவில் பிடித்த சூரை ஐஸ் குறைந்த பெட்டியில் மோட்டார் சைக்கிளில் வெயிலுக்குள் வந்தால் சதையில் ஹிஸ்ரமின் உண்டாகும். பழுதடைந்த மணம் வர முதலே அது உண்டாகிவிடும், கொதித்தாலும் பொரித்தாலும் அழியாது. சாப்பிடும்போது நாக்கில் மிளகு போலச் சுரீரென்று குத்தினால் துப்பிவிடுங்கள். ஒவ்வாமைக் குளிசையில் சில மணித்தியாலத்தில் அடங்கும். மூச்சு இழுத்தால் வைத்தியசாலை.

மகளுக்கு 19 வயது, கலியாணமாகி எட்டு மாதம். நேற்று தொப்புளைச் சுற்றிக் குத்து, இன்று வலது பக்க அடிவயிற்றில். இரண்டு தரம் இளக்கமாகப் போனது. குடலேற்றம் என்று அம்மம்மா எண்ணெய் பூசி உருவுகிறா. ஆமணக்கெண்ணெய் கொடுக்கவா என்று கேட்கிறா.
– பூநகரி

உருவுவதை இப்போதே நிற்பாட்டுங்கள், ஆமணக்கெண்ணெய் வேண்டாம். தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு இறங்கும் நோ குடல்வளரி அழற்சியின், ஊரில் சொல்வதானால் அப்பெண்டிக்ஸின், பாடம் போன்ற அடையாளம். சாதாரண வயிற்றோட்டத்தில் குத்து அலை அலையாக வரும், மலம் போனால் கொஞ்சம் ஆறும். இது விடாமல் நிற்கும், இருமினால் குத்தும். கிறவல் ரோட்டில் வாகனம் குழியில் இறங்கும்போது வயிற்றைப் பொத்திக்கொள்வார்கள். அழற்சி அடைந்த குடல்வளரி பக்கத்துக் குடலை உரசுவதால் இரண்டு மூன்று தரம் இளக்கமாகப் போகும், அதை வைத்து ஏமாறக் கூடாது. உருவினாலும் பேதிக்குக் கொடுத்தாலும் அது வெடிக்கலாம். வெடித்தால் நோ திடீரென்று குறைந்தது போல இருந்து, பிறகு வயிறு முழுவதும் பலகை போல இறுகும்.

மகளிடம் மாதவிலக்கு எத்தனை நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று கேளுங்கள். ஒரு கிழமை பிந்தியிருந்தாலும் சொல்லவேண்டும். கரு குழாயில் தங்கினாலும் இதே இடத்தில் நோகும். உள்ளே இரத்தம் கசிந்தால் மலம் வருவது போல உந்தும், தோள்மூட்டு நோகும், எழும்பினால் தலை சுற்றும். சிறுநீர்ப் பரிசோதனை ஒன்றில் கர்ப்பமா என்று தெரிந்துவிடும். சத்திரசிகிச்சை தேவைப்படலாம் என்பதால் போகிற வழியில் ஒன்றும் குடிக்கவோ சாப்பிடவோ கொடுக்காமல் நேரே கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அப்பாவுக்கு 62 வயது. இரண்டரை மாதமாக ஒரு கிழமை வயிற்றோட்டம், ஒரு கிழமை இறுக்கம். இடைக்கிடை இரத்தமும் படுகிறது. மூலம் என்று நாட்டு மருந்து எடுக்கிறார். காற்சட்டைப் பெல்ற்றில் இரண்டு ஓட்டை உள்ளே போய்விட்டது.
– செட்டிகுளம்

கிருமியால் வந்த வயிற்றோட்டம் இரண்டரை மாதம் இப்படி மாறி மாறி நிற்பது அரிது. அந்த இரண்டு ஓட்டைதான் எங்களைக் கவலைப்படுத்துகிறது. மூலத்தில் இரத்தம் சிவப்பாக மலத்துக்கு மேலே படும் அல்லது சொட்டும், மெலிவு வராது. மலத்தோடு கலந்த கருஞ்சிவப்பு இரத்தம், மெலிவு, இரத்தச்சோகை, மலம் போன பிறகும் மிச்சம் இருப்பது போன்ற உணர்வு இருந்தால் பெருங்குடல் புற்றுநோய் இல்லை என்று உறுதிப்படுத்த வேண்டும். மூலம் இருப்பவருக்குப் புற்றுநோயும் இருக்கலாம் என்பதால் மூலம் தெரிந்ததோடு தேடலை நிற்பாட்ட முடியாது. நீண்ட குடல் அழற்சி, தைரொயிட் கூடுதல், குடல் காசநோய் என்பவையும் இப்படித் தொடங்கும்.

ஓ.பி.டி.யில் ‘வயிற்றோட்டம்’ என்று மட்டும் சொன்னால் ஜீவனியோடு வீட்டுக்கு வந்துவிடுவார். இரண்டரை மாதம், இரத்தம், மெலிவு என்ற மூன்றையும் அப்பா கூச்சப்பட்டு விட்டுவிட்டால் நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லுங்கள். விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனையை மறுக்க வேண்டாம் என்று முதலே சொல்லி வையுங்கள். அது ஒரு நிமிடம், அதிலேயே கட்டி தட்டுப்படுவது உண்டு. சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்கு அனுப்பக் கேளுங்கள். அங்கே கமரா விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பார்கள். நேரத்தோடு கண்டால் வெட்டி அகற்றிச் சுகப்படுத்தக்கூடிய நோய் இது. எடுக்கிற நாட்டு மருந்தின் போத்தலையும் கையோடு கொண்டுபோங்கள்.